பாதி மீசை

பதினைந்து முடிந்து நான்கு மாதம்.
மேலுதட்டில் இருப்பதை முதலில் அழுக்கென்று நினைத்து
ஈரத்துண்டால் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்கப் போகவில்லை.
பிரிட்டோ என் கையைத் தட்டிவிட்டு
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைக்கப் போய்விட்டான்.

கோத்தகிரியில் மூன்று சலூன் பார்த்தாயிற்று.
ஒன்றில் மெஷின் சத்தம்.
இன்னொன்றில் பவுடர் வாசனை.
மூன்றாவதில் கடித்துவிட்டான்.
கடைப் பையனுக்கு டி.டி. ஊசி, ஆட்டோ, என் மன்னிப்பு
எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது.

"அது ஆம்பளை வேலை, நான் வந்து பாத்துக்கறேன்"
என்று லூர்துராஜ் போனில் சொல்லி
ஐந்து ஞாயிறு ஆகிறது.
மேட்டுப்பாளையத்தில், உருளைக்கிழங்கு மண்டியில், கணக்கு எழுதுகிறார்.
சனி ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்
பிறகு மாதம் இரண்டு முறை,
பிறகு ஒரு முறை.
இப்போது பணம் மட்டும் மலையேறுகிறது.
குறை சொல்லவில்லை.
பணமும் வராத வீடுகள் இதே லைனில் உண்டு.

இந்தப் பனியில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கிறானே,
பெற்றவளா நீ என்று
குழாயடியில் கேட்கிறார்கள்.
கம்பளி அவனுக்கு முள்.
உள்ளே நாலு பனியன், ஒன்றன்மேல் ஒன்று,
நாலிலும் கழுத்துச் சீட்டை வெட்டி எடுத்தவள் நான்.
எண்ணிக் காட்டவா?

சொந்தமாக அவன் பேசுவது கொஞ்சம்.
எங்கள் பேச்சைத்தான் சேர்த்து வைத்திருக்கிறான்.
டானிங்டன் ஸ்டாப்பில், ஆட்கள் நடுவே,
தகப்பனின் தொண்டை அப்படியே வரும்:
"அப்ப நீயே வெச்சு அழு."
அடுத்த மூச்சில் என் குரல்:
"நான் என்ன தனியாவா பெத்தேன்?"
இடையில் டம்ளர் விழுந்த சத்தம்கூட
விட்டுப்போகாது.
நானாக இருந்தால் மறந்திருப்பேன்.

குருவானவர் அப்பத்தை உயர்த்தும் மௌனத்தில்
ஒருமுறை சொன்னான்.
அதிலிருந்து கோவிலுக்கு வெளியே நின்றுதான் பூசை,
மழையில்லாத ஞாயிறுகளில்.

பெனிட்டாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு.
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்து
காதில் பஞ்சோடு வேதியியல் படிக்கிறாள்.
"காலேஜ் போனா திரும்பி வர மாட்டேன்,
முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள்,
சோறு போட்டுக்கொண்டே, கோபமில்லாமல்.
சரி என்றேன்.

நேற்று ரேசர் வாங்கினேன்.
வீட்டுக்காரருக்கா என்றார் கடைக்காரர்.
ஆமாம்.

ஜன்னல் கம்பியின் குளிர் பிடிக்கும்,
பிளேடின் குளிர் ஆகாது.
ஏனென்று கேட்பதை விட்டு வெகுநாளாயிற்று.
வெந்நீரில் முக்கி எடுத்து
என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்,
பால்புட்டியின் சூடு பார்த்த மாதிரி.
என்னைவிட அரையடி உயரம். முக்காலியில் உட்காரவைத்தேன்.
இவ்வளவு அருகில் அவன் முகம் இருந்து
எத்தனை வருஷம்.
மூச்சில் நேற்றைய ஊறுகாய்.

வலப்பக்கம் ஒரு இழுப்பு.
தோள் இறுகியது. வாய் திறந்தது.
கடிக்கப்போகிறான் என்று கையை எடுப்பதற்குள்

"அவ்ளோதான்டா தங்கம், அவ்ளோதான்,
இன்னும் ஒண்ணே ஒண்ணு."

லூர்துராஜின் குரல்.
இப்போதைய குரல் இல்லை.
நகம் வெட்டும்போது சொல்வார்.
பிரிட்டோவுக்கு மூன்று வயது, அவர் மடியில்.
சிகரெட்டை இன்னும் விடாத தொண்டை.
இத்தனை நாள் எங்கே இருந்தது அது?
டம்ளர் சத்தத்துக்கு அடியிலா?

இன்னும் ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
வலப்பக்கம் முழுக்கக் கொடுத்தான்.
பிறகு எழுந்துவிட்டான்.
இடப்பக்கம் கிடையாதாம்.

பெனிட்டா பஞ்சை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.
பாதி மீசை, நாலு பனியன், கம்பியில் நெற்றி.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
நான் நிறுத்தமுடியாமல் சிரித்ததில்
வாளித் தண்ணீர் காலில் கொட்டியது.

போனில் லூர்துராஜ் பெயர்வரை போனேன்.
என்னவென்று சொல்ல?
உங்கள் பழைய குரல் ஒன்று
இங்கே கெடாமல் கிடக்கிறது என்றா?

வைத்துவிட்டேன்.
நாளை இடப்பக்கம்.
மறுபடி வெந்நீர் போடவேண்டும்,
சிலிண்டர் புதன்வரை தாங்கினால்.